இத்தாலியக் கால்பந்து: நடுவரின் தவறும் பயிற்சியாளரின் குற்றச்சாட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் முதல்நிலைத் தொடரான சீரி ஏ கால்பந்துப் போட்டிகளைப் பற்றி நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் வரும் செய்திகளில், கோல் அடித்தவர் பெயருக்கு அடுத்தபடியாக அதிக இடம் பிடிப்பது, வெற்றி கிட்டாத அணியின் பயிற்சியாளர் நடுவரைப் பற்றிச் சொன்ன புகார்தான். அந்தப் புகார் அவர் சொன்ன வேகத்திலேயே அச்சேறுகிறது. அவர் குறிப்பிட்ட முடிவு விதிப்படி சரியா, தவறு என்றால் அது எப்படி நேர்ந்தது, அதைப் பற்றி நடுவர் சங்கம் பிறகு என்ன சொன்னது என்பவை பெரும்பாலும் வருவதில்லை. இதைப் படிக்கும் ரசிகர்கள் யுவென்டஸ் பக்கம், இன்டர் பக்கம், நாபோலி பக்கம் என்று பிரிந்துகொண்டு, தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் ஒருவரையொருவர் திருடர் என்று அழைக்கும் அளவுக்குப் போகிறார்கள். 2015-ஆம் ஆண்டு சென்னையின் எஃப்சி அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தவர், இன்டர் மிலானின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் மார்கோ மாத்தராட்சி. அவர் வழியாக இன்டரைப் பின்தொடரத் தொடங்கிய இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் இத்தாலியக் கால்பந்தின் ஆட்ட அழகை அறிந்துகொள்ளும் முன்பே அதன் சந்தேகங்களை மனப்பாடம் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நடுவர் செய்யும் தவறையும், நடுவருக்கு இருப்பதாகச் சொல்லப்படும் உள்நோக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் வழக்கமே இத்தாலியக் கால்பந்துக்கு மிகுந்த தீங்கு செய்திருக்கிறது. தவறை மெதுவோட்டக் காட்சி காட்டிக்கொடுக்கும். உள்நோக்கத்தை அது காட்டிக்கொடுத்ததில்லை. அந்நாட்டில் நடுவர்களை வளைக்க உண்மையாகவே ஒரு பெருமுயற்சி நடந்தபோது, அது எந்தத் தொலைக்காட்சி விவாதத்தாலும் வெளிப்படவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த விவாதப் பழக்கம் நேற்று முளைத்ததன்று. 1967 அக்டோபரில் நடந்த மிலான் நகர அணிகளின் மோதலில் ஜானி ரிவேரா அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழிறங்கியது. நடுவர் கோல் என்று தீர்ப்பளித்தார். இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய் நிறுவனத்தில் பணியாற்றிய கார்லோ சாஸியும் ஹெரோன் விதலெத்தியும் படச்சுருளை மெதுவாக ஓட்டி, பந்து கோட்டை முழுமையாகத் தாண்டவில்லை என்று காட்டினார்கள். 'மோவியோலா' என்று இத்தாலியர் அழைக்கும் அந்த மெதுவோட்டக் காட்சி அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை இரவுகளின் நீதிமன்றமாயிற்று. 1980-இல் ஆல்தோ பிஸ்கார்தி தொடங்கிய திங்கட்கிழமை விவாத நிகழ்ச்சி, ஒரு பெனால்டியைப் பற்றி வாரம் முழுவதும் வாதாடலாம் என்ற நிலையை நாடு முழுக்கப் பரப்பியது. ஆடுகளத்திலேயே மெதுவோட்டக் காட்சியைப் பயன்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்திவந்த பிஸ்கார்தி, காணொளி உதவி நடுவர் முறையான விஏஆர் சீரி ஏ-வில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டிலேயே காலமானார்.

அந்தத் தொடக்கக் காலத்தில் நடந்த இன்னொன்றை இன்றைய ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. 1972-இல் யுவென்டஸுக்கும் ஏ.சி. மிலானுக்கும் நடந்த ஆட்டத்தை நடத்திய கொன்செத்தோ லோ பெல்லோ, அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற, மிகக் கண்டிப்பான நடுவர். மிலானுக்குத் தான் கொடுக்காமல் விட்ட பெனால்டியின் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தான் தவறிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். நடுவர் ஒருவர் தன் தவறை நாடறியச் சொன்னதால் அவருடைய மதிப்புக் குறையவில்லை. அந்த வழக்கம் அப்போதே வேரூன்றியிருந்தால், பின்னர் வந்த கசப்பில் ஒரு பகுதியாவது தவிர்க்கப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ரோமா ரசிகர்களிடம் 1981 மே 10 என்று சொன்னால் போதும். பட்டத்துக்காக யுவென்டஸும் ரோமாவும் நெருங்கி மோதிய பருவம் அது. தூரினில் நடந்த அந்த ஆட்டத்தில் ரமோன் தூரோனே தலையால் முட்டி அடித்த கோல், துணை நடுவர் கொடி உயர்த்தியதால் ஆஃப்சைடு (பந்து வரும் முன்பே எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்பது) என்று மறுக்கப்பட்டது. ஆட்டம் 0-0 என முடிந்தது. யுவென்டஸ் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக அந்த ஒரு காட்சியின் மீது கோடுகள் வரையப்பட்டு வருகின்றன. ஆனாலும் இரு தரப்பும் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. அன்று விசில் ஊதியவர் பாவ்லோ பெர்காமோ. 1999-க்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் செல்ல வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்த இருவருள் அவரும் ஒருவர் என்பதையும், 2006-இல் அவர் பெயர் மீண்டும் எழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், தூரோனேயின் கோலுக்கும் பின்னாளைய ஊழலுக்கும் ஒரே நூல் ஓடுவதாக எண்ணுகிறார்கள். அப்படி எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆனால் சில அங்குல இடைவெளியில் கொடி உயர்த்திய ஒரு துணை நடுவரின் கண், கால் நூற்றாண்டுக்குப் பின் நடந்த தொலைபேசி உரையாடல்களுக்குச் சாட்சியாகாது.

1998 ஏப்ரல் 26 அன்று தூரினில் யுவென்டஸும் இன்டரும் ஆடிய ஆட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. பெனால்டி பகுதிக்குள் பந்தைக் கடந்து ஓட முயன்ற இன்டரின் பிரேசில் வீரர் ரொனால்டோ, யுவென்டஸின் மார்க் யூலியானோவின் மீது மோதிக் கீழே விழுந்தார். நடுவர் பியரோ செக்கரீனி பெனால்டி கொடுக்கவில்லை. ஆட்டம் நில்லாமல் தொடர்ந்து, சில நொடிகளில் மறுமுனையில் அலெசாந்த்ரோ டெல் பியரோ விழுந்தபோது யுவென்டஸுக்குப் பெனால்டி கொடுக்கப்பட்டது. அந்தப் பெனால்டியை இன்டரின் கோல் காப்பாளர் பல்யூக்கா தடுத்துவிட்டார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பண்பாளர் என்று பெயர் பெற்ற இன்டர் பயிற்சியாளர் ஜிஜி சிமோனி ஆடுகளத்துக்குள் இறங்கிச் சென்று நடுவரைக் கண்டித்து வெளியேற்றப்பட்டார். சில நாள்களில் விவகாரம் இத்தாலிய நாடாளுமன்றம் வரை சென்றது. யுவென்டஸின் முன்னாள் வீரரான ஓர் உறுப்பினரை நோக்கி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஆவேசமாகப் பாய, அவையை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. ஒரு பெனால்டிக்காகச் சட்டமன்ற அவை நின்ற நாடு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த முடிவு தவறு என்றே நானும் கருதுகிறேன். இத்தனை தொலைவில், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, சிமோனிக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்ற உணர்வு எழாமல் இருக்காது. ஆனாலும் அந்த அநியாயத்தை வைத்துக்கொண்டு செக்கரீனியின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த உரிமை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இருந்திருக்கவில்லை.

இனி 2006-க்கு வருகிறேன். என் கடிதத்தின் மையம் இதுவே. அவ்வாண்டு மே மாதம், புலனாய்வாளர்கள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருந்த தொலைபேசி உரையாடல்கள் செய்தித்தாள்களில் வெளியாயின. யுவென்டஸின் பொது மேலாளர் லூசியானோ மோஜி, நடுவர்களை ஒதுக்கும் பொறுப்பில் இருந்த பாவ்லோ பெர்காமோவுடனும் பியர்லூயிஜி பயரேத்தோவுடனும் அடிக்கடி பேசியதும், எந்த ஆட்டத்துக்கு யார் வருவது என்பது பற்றி உரையாடியதும் வெளிச்சத்துக்கு வந்தன. 'கால்ச்சோபோலி' என்று பெயர் பெற்ற அந்த விவகாரத்தில் யுவென்டஸின் 2004-05, 2005-06 பட்டங்கள் பறிக்கப்பட்டன. அணி இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டு, மேல்முறையீடுகளுக்குப் பின் ஒன்பது புள்ளிகள் குறைவாக அங்கே பருவத்தைத் தொடங்கியது. ஏ.சி. மிலான், லாசியோ, ஃபியோரெந்தீனா, ரெஜ்ஜினா ஆகிய கழகங்களும் புள்ளிக் குறைப்புக்கு ஆளாயின. 2005-06 பட்டம் இன்டருக்கு வழங்கப்பட்டது. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே ஜூலையில்தான் இத்தாலி பெர்லினில் உலகக் கோப்பையை வென்றது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது சான்றின் தன்மை. குற்றச்சாட்டு ஒரு பெனால்டியின் காட்சியையோ ஒரு ஆஃப்சைடு கோட்டையோ நம்பி எழுப்பப்படவில்லை. யார் யாரோடு பேசினார்கள், எந்த எண்ணிலிருந்து பேசினார்கள், நியமனம் செய்யும் இடத்தில் யாருக்குச் செல்வாக்கு இருந்தது என்பவையே அதன் அடித்தளம். அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சி அரங்குகளில் ஆயிரம் காட்சிகள் அலசப்பட்டன. அவற்றில் ஒன்றும் மோஜியின் கைபேசியைச் சென்றடையவில்லை. நியமன அதிகாரியை இரவில் தொலைபேசியில் அழைக்கக் கூடியவருக்கு, ஆட்டம் முடிந்தபின் ஒலிவாங்கி முன்னால் நின்று கத்த வேண்டிய தேவையே இருப்பதில்லை. பொதுவெளியில் எழும் இரைச்சலுக்கும் உண்மையான முறைகேட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யுவென்டஸ் ரசிகர்களுக்கும் இதில் ஒரு நியாயமான மனக்குறை உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேறு கழகங்களின் நிர்வாகிகளும் நியமன அதிகாரிகளோடு பேசியிருந்தார்கள் என்பது பின்னர், குற்றவியல் விசாரணையின் போது தெரியவந்தது. அதற்குள் காலவரம்பு கடந்திருந்தது. மோஜி மீதான குற்றவியல் வழக்கும் 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் காலாவதி என்ற அடிப்படையில் முடிந்தது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை என்ற அவர்களின் வருத்தத்தை அலட்சியப்படுத்துவது சரியாகாது.

2006 விட்டுச்சென்ற காயம், அதன் பிறகு நடந்த ஒவ்வொரு தவறையும் சதியாகக் காட்டும் கண்ணாடியாகிவிட்டது. 2010 பிப்ரவரியில் சம்ப்டோரியாவுக்கு எதிரான ஆட்டத்தில், முதல் பாதியிலேயே இன்டரின் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார்கள். பயிற்சியாளர் ஜோசே மொரினியோ இரு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்து, விலங்கிடப்பட்டவர் போலக் கேமராவை நோக்கிக் காட்டினார். அவருக்கு மூன்று ஆட்டத் தடையும் 40,000 யூரோ அபராதமும் கிடைத்தன. அந்தப் பருவத்தில் இன்டர் சீரி ஏ பட்டம், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. தன் அணியை ஒடுக்க எல்லாரும் கூடிவிட்டார்கள் என்று ஒருவர் சைகை காட்டிய பருவம் அவ்வாறு முடிந்தது என்றால், அந்தச் சைகையின் பொருள் என்ன என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். இத்தாலிய ஊடகங்கள் அதைப் படமாக்கிக் கொண்டாடின.

2022 பிப்ரவரியில் அதே மொரினியோ, இப்போது ரோமாவின் பயிற்சியாளராக, வெரோனாவுடனான ஆட்டத்தில் நடுவர் லூக்கா பயரேத்தோவை நோக்கிக் கையைக் காதருகே வைத்துத் தொலைபேசியில் பேசுவது போலக் காட்டினார். யுவென்டஸ்தான் உங்களை அனுப்பியது என்ற பொருளில் பேசினார். இந்த நடுவர் 2006-இல் பெயர் அடிபட்ட பியர்லூயிஜி பயரேத்தோவின் மகன். தந்தை மீதான குற்றத்துக்கு மகனைப் பொது இடத்தில் அடையாளம் காட்டிய அந்தச் சைகை, நான் கண்ட பயிற்சியாளர் புகார்களிலேயே மிகக் கொடியது. இரண்டு ஆட்டத் தடை அதற்குப் போதுமான தண்டனை என்று நான் எண்ணவில்லை.

இதன் விளைவு வார்த்தைகளோடு நிற்பதில்லை. 2023 மே 31 அன்று புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் ரோமா, செவில்லாவிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் மொரினியோ வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்து ஆங்கிலேய நடுவர் ஆண்டனி டெய்லரை வசைபாடினார். மறுநாள் விமான நிலையத்தில், குடும்பத்தினருடன் இருந்த டெய்லரை ரோமா ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு ஏசினார்கள். நாற்காலி ஒன்றும் பறந்து வந்தது. பயிற்சியாளரின் வாய்ச்சொல் ரசிகரின் கையில் என்னவாகிறது என்பதை அந்த இரு நாள்கள் காட்டின. ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யுஇஎஃப்ஏ அமைப்பு மொரினியோவுக்கு நான்கு ஆட்டத் தடை விதித்தது.

இவ்வாறு சொல்வதால், புகார்கள் அனைத்தும் வெறும் புலம்பல் என்று நான் சொல்வதாகத் தாங்கள் கொள்ளக் கூடாது. 2012 பிப்ரவரி 25 அன்று மிலான் நகரின் சான் சீரோ மைதானத்தில் ஏ.சி. மிலானின் சுல்லி முன்தாரி தலையால் முட்டிய பந்து, கோல் கோட்டைத் தெளிவாகத் தாண்டிய பின்னரே யுவென்டஸ் காப்பாளர் புஃபோன் அதை வெளியே தட்டினார். மைதானத்தில் இருந்த அனைவரும் பார்த்ததை நடுவர் குழு மட்டும் பார்க்கவில்லை. அதே ஆட்டத்தில் யுவென்டஸின் அலெசாந்த்ரோ மாத்ரி அடித்த ஒரு கோலும் ஆஃப்சைடு என்று தவறாக மறுக்கப்பட்டது. மிலான் தரப்பு முன்தாரியை மட்டும் பேசியது. யுவென்டஸ் தரப்பு மாத்ரியை மட்டும் பேசியது. அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. யுவென்டஸ் அப்பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. அந்த இரவில் எழுந்த கோபத்தில் பயனுள்ள பகுதி, கோல் கோட்டைக் கண்காணிக்கக் கருவி வேண்டும் என்ற கோரிக்கைதான். அது 2015-16 பருவத்தில் சீரி ஏ-வில் நிறைவேறியது. முன்தாரியின் கோலைப் போன்ற ஒன்று இன்று நடந்தால், நடுவரின் கைக்கடிகாரமே ஒரு நொடியில் சொல்லிவிடும்.

2022 செப்டம்பரில் யுவென்டஸுக்கும் சலெர்னிதானாவுக்கும் நடந்த ஆட்டமும் இத்தகையதே. கூடுதல் நேரத்தில் அர்காதியூஷ் மிலிக் அடித்த வெற்றிக் கோல், போனூச்சி ஆஃப்சைடில் நின்று காப்பாளருக்கு இடையூறு செய்தார் என்று விஏஆர் சோதனைக்குப் பின் மறுக்கப்பட்டது. கோல் அடித்த மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றியதற்காக மிலிக் இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேறியிருந்தார்; எழுந்த கைகலப்பில் பயிற்சியாளர் அல்லேக்ரியும் வெளியேற்றப்பட்டார். மூலைக் கொடியருகே நின்ற சலெர்னிதானா வீரர் கந்த்ரேவா, போனூச்சியை ஆஃப்சைடு அல்லாத நிலைக்குக் கொண்டுவந்திருந்தார் என்பதும், அவர் தெரியும் கோணம் விஏஆர் அறைக்குக் கிடைக்கவே இல்லை என்பதும் பிறகு தெரிந்தன. யுவென்டஸுக்கு ஆதரவாகவே நடுவர்கள் நடப்பதாகச் சொல்பவர்கள் இந்த ஆட்டத்தை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதங்களில், 2023 ஜனவரி இறுதியில், அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறை சீரி ஏ-வில் செயல்படத் தொடங்கியது.

நாபோலி ரசிகர்களின் துயரம் இவற்றிலிருந்து வேறுபட்டது; அதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை. 2018 ஏப்ரல் 28 அன்று இன்டரும் யுவென்டஸும் ஆடியபோது, பட்டப் போட்டியில் யுவென்டஸுக்கு ஒரே புள்ளி பின்னால் நாபோலி நின்றது. ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்த மிராலம் பியானிச், ரஃபின்யா மீது கடுமையாக மோதியும் நடுவர் தானியேலே ஒர்சாத்தோ இரண்டாம் அட்டையைக் காட்டவில்லை. காட்டாமல் விட்ட மஞ்சள் அட்டையில் தலையிட விஏஆர் நடைமுறைக்கு அதிகாரம் இல்லை. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து யுவென்டஸ் 3-2 என வென்றது. மறுநாள் ஃபிளாரன்சில் நாபோலி 0-3 எனத் தோற்றது. பருவ முடிவில் யுவென்டஸ் 95 புள்ளிகள், நாபோலி 91. நாபோலியில் அந்த அட்டை இன்றும் பேசப்படுகிறது, பேசப்படுவதில் நியாயமும் உண்டு. ஆனால் ஃபிளாரன்சில் விழுந்த மூன்று கோல்களையும் அதே மூச்சில் பேசுபவர்கள் குறைவு. 2021-இல் ஒர்சாத்தோ தொலைக்காட்சியில் தோன்றி, அந்த அட்டையைக் காட்டாதது தன் தவறே என்றும், ஆட்டத்துக்கு மிக அருகில் நின்றதால் தவறிவிட்டது என்றும் சொன்னார். மூன்று ஆண்டுகள் தாமதமாக வந்த அந்த விளக்கம் அந்த வாரமே வந்திருந்தால், எத்தனை கட்டுக்கதைகள் பிறக்காமலே போயிருக்கும்.

பயிற்சியாளர்களின் புகார்களில் செவிசாய்க்க வேண்டியவையும் உண்டு என்பதற்கு, அப்போது நாபோலியின் பயிற்சியாளராக இருந்த அந்தோனியோ கோந்தேயைச் சொல்வேன். 2024 நவம்பரில் சான் சீரோவில் 1-1 என முடிந்த ஆட்டத்தில், நாபோலியின் அங்கீஸா இன்டரின் டம்ஃப்ரீஸை லேசாகத் தொட்டதற்கு நடுவர் பெனால்டி கொடுத்தார். சால்ஹானோலு அதைக் கம்பத்தில் அடித்துத் தவறவிட்டார். ஆட்டத்துக்குப் பின் கோந்தே கோபமாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட கேள்வி நடுவரின் நேர்மையைப் பற்றியதாக இல்லாமல் நடைமுறையைப் பற்றியதாக இருந்தது: காட்சியைப் பார்க்கும் அறையில் இருப்பவர்களுக்கு முடிவு தவறெனத் தோன்றினால், நடுவரைத் திரை முன் அழைக்க ஏன் தயங்க வேண்டும்? விஏஆர் எப்போது தலையிடும், எப்போது தலையிடாது என்ற எல்லை தெளிவாக இல்லாவிட்டால் ஐயம் வளரத்தான் செய்யும். இந்தக் கேள்வியை நடுவர் சங்கம் எதிர்கொண்டாக வேண்டும். நாமும் அதை ஆதரிக்க வேண்டும். அதே பருவத்தின் கடைசிக்கு முந்தைய சுற்றில், 2025 மே 18 இரவில், பார்மாவில் நாபோலிக்குக் கொடுக்கப்பட்ட பெனால்டி விஏஆர் சோதனைக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. சான் சீரோவில் லாசியோவுக்கு ஆட்ட இறுதியில் கிடைத்த பெனால்டியால் இன்டர் வெற்றியை இழந்தது. கோந்தே, இன்டரின் சிமோனே இன்சாகி இருவருமே அன்று சிவப்பு அட்டை பெற்றார்கள். நாபோலி 82 புள்ளிகளோடு, ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. ஒரே இரவில் இரு போட்டியாளர்களும் தங்களுக்கே அநீதி நடந்ததாக நம்பினார்கள் என்றால், அங்கே சதிக்கு இடம் எங்கே இருக்கிறது?

இவற்றுக்கு நடுவே என் மனத்தில் பதிந்திருப்பது 2022 ஜனவரி 17 இரவு. சான் சீரோவில் மிலானும் ஸ்பெசியாவும் 1-1 எனச் சமநிலையில் இருக்க, கூடுதல் நேரத்தில் மிலானின் ரெபிச் கீழே தள்ளப்பட்டார். பந்து மெஸ்ஸியாசிடம் போய், அவர் அதைக் கோலுக்குள் அனுப்புவதற்கு ஒரு கணம் முன்பு நடுவர் மார்கோ செர்ரா தவறைச் சுட்டி விசில் ஊதிவிட்டார். விசில் ஊதிய பின் விழுந்த கோலை எந்தக் காணொளியாலும் மீட்க முடியாது. தான் செய்ததை உணர்ந்த செர்ரா அங்கேயே மனம் வெதும்பி மன்னிப்புக் கேட்டார்; சிறிது நேரத்தில் ஸ்பெசியா கோல் அடித்து 2-1 என வென்றது. கோபப்பட எல்லா நியாயமும் இருந்த மிலான் வீரர்கள், ஆட்டம் முடிந்ததும் அந்த நடுவரைத் தேற்றினார்கள். பயிற்சியாளர் ஸ்தெஃபானோ பியோலி ஏமாற்றத்தை மறைக்கவில்லை. ஆனால் சதி என்று சொல்லவும் இல்லை. அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது மிலான்தான். நடுவரைத் தூற்றாமலும் பட்டம் வெல்ல முடியும் என்பதை அந்த அணியின் வீரர்கள் செய்து காட்டினார்கள்.

ரசிகர்கள் தங்கள் விழிப்பை எதன்மீது வைக்க வேண்டும் என்பதற்கு 2006-உம் அதன் பின் வந்த ஆண்டுகளும் வழி சொல்லியிருக்கின்றன. நடுவர்களை யார் நியமிக்கிறார்கள், அவர்களோடு கழக நிர்வாகிகள் பேச வழி இருக்கிறதா, தவறு செய்த நடுவர் எந்த அளவுகோலின்படி ஓய்வில் வைக்கப்படுகிறார் என்பவை கேட்கத் தக்க கேள்விகள். 2023-24 பருவத்திலிருந்து, நடுவருக்கும் விஏஆர் அறைக்கும் இடையே நடந்த உரையாடல்களைத் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பி, சங்கத்தின் சார்பில் ஒருவர் விளக்கம் தரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்துவருகிறது. 2024 ஜனவரியில் இன்டர் வெரோனாவை வென்றபோது, வெற்றிக் கோலுக்கு முன் பாஸ்தோனி முழங்கையால் இடித்ததை விஏஆர் கவனித்திருக்க வேண்டும் என்று நடுவர் நியமனப் பொறுப்பாளர் ஜான்லூக்கா ரோக்கி அந்த நிகழ்ச்சியிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் எந்த உரையாடலை வெளியிடுவது என்பதைச் சங்கமே தீர்மானிக்கிறது. எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்பதே நியாயமான அடுத்த கோரிக்கை. 2025-26 பருவத்தில் மூன்றாம் நிலையான சீரி சி போட்டிகளில், ஒரு முடிவைத் திரையில் மறுபடி பார்க்கும்படி பயிற்சியாளரே நடுவரிடம் கோரும் முறை வந்திருக்கிறது; ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்புகள். இது மேல்நிலைக்கும் வர வேண்டும் என்பது என் விருப்பம். கேட்க முறையான வழி ஒன்று கையில் இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாத பயிற்சியாளர் ஆட்டம் முடிந்தபின் பழி தூற்றுவது கடினமாகும்.

இத்தாலி மோசமான நடுவர்களின் நாடும் அல்ல. 1978-இல் செர்ஜோ கொனெல்லா, 2002-இல் பியர்லூயிஜி கொல்லீனா, 2014-இல் நிக்கோலா ரித்சோலி என மூன்று இத்தாலியர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். உலகம் மதித்து அழைக்கும் இவர்கள், தங்கள் நாட்டு மைதானத்தில் ஒவ்வொரு வாரமும் திருடர் என்ற கூச்சலைக் கேட்க நேர்கிறது. சான் சீரோவில் ஆட்டத்தை நடத்தும் நடுவருக்குக் காவலர் துணை உண்டு. சிற்றூர் மைதானத்தில் பதினெட்டு வயதில் விசிலோடு நிற்பவருக்கு அது இல்லை. 2018 நவம்பரில் ரோமில் இளம் நடுவர் ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டதையடுத்து, லாசியோ பிராந்தியத்தின் கீழ்நிலைப் போட்டிகள் ஒரு வார இறுதி முழுவதும் நிறுத்தப்பட்டன. 2024-இல் சீரி ஏ நடுவர்கள் கன்னத்தில் கருங்கோடு இட்டுக்கொண்டு ஆடுகளத்தில் இறங்கி, இத்தகைய தாக்குதல்களைக் கண்டித்தார்கள். பெரிய அரங்குகளில் பேசப்படும் சதிக் கதைகளும் சிறு மைதானங்களில் விழும் அடிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இத்தாலியப் பயிற்சியாளரோ கழகத் தலைவரோ நடுவர்மீது சுமத்தும் குற்றச்சாட்டை வெளியிடும்போது, அவர் எந்த நிமிடத்தின் எந்த முடிவைச் சொல்கிறார் என்பதையும், விதி அதைப் பற்றி என்ன கூறுகிறது என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்து அச்சிடுங்கள். நடுவர் சங்கம் சில நாள்களில் விளக்கம் தந்தால், புகாருக்குக் கொடுத்த அதே அளவு இடத்தை அதற்கும் கொடுங்கள். சான்று காட்டாமல் சதி என்று சொல்பவரின் சொல்லைத் தலைப்பாக வைக்க வேண்டாம். நியமன முறை, உரையாடல் வெளியீடு, பயிற்சியாளரின் மறுபார்வைக் கோரிக்கை ஆகியவற்றைப் பற்றி விவரமான கட்டுரை ஒன்றைத் தங்கள் விளையாட்டுப் பிரிவு வெளியிடுமானால், இந்தப் போட்டிகளை இரவு கண்விழித்துப் பார்க்கும் வாசகர்களுக்கு அது மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி